உப்பும் பேட்டரித் தண்ணீரும்

எங்கள் மாடி வீட்டுப் பெண் போன மாதம் கான்டாக்ட் லென்ஸ் வாங்கினாள். லென்ஸ் கழுவுகிற சொல்யூஷன் என்று கடைக்காரர் மூன்று வகை காட்டினாராம். எது நல்லது அக்கா என்று என்னிடம் கேட்டாள். ஒரு வரியில் பதில் சொல்லி அனுப்பியிருக்கலாம். நான் அவளை உட்கார வைத்து இரண்டு மணி நேரம் பேசினேன். பாவம், அவள் காபி ஆறிப்போனது. அவளிடம் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். என் வலது கண்ணும், நைனா என்று நாங்கள் கூப்பிடும் என் அப்பாவும் சேர்ந்த கதை இது, அதனால் கொஞ்சம் நீளும்.

புது நூற்றாண்டு பிறந்து இரண்டு மூன்று வருஷம் ஆகியிருந்த நேரம். எனக்கு இருபத்து மூன்று வயது. திருவொற்றியூரில் குடியிருந்தோம். விலங்கியலில் பட்டம் வாங்கிவிட்டு, ராயபுரம் பக்கம் ஒரு இறால் ஏற்றுமதி கம்பெனியில் சூப்பர்வைசராகச் சேர்ந்திருந்தேன். இறால் உரிக்கும் பெண்கள் உள்ளே வருவதற்கு முன் சோப்புப் போட்டுக் கை கழுவினார்களா, குளோரின் தண்ணீரில் கையை முக்கினார்களா, தலையில் தொப்பியும் வாயில் துணியும் இருக்கிறதா என்று பார்ப்பது என் வேலை. நான் கறார். யாராவது மூக்கைச் சொறிந்துவிட்டால்கூடத் திரும்பவும் குளோரின் தொட்டிக்கு அனுப்பிவிடுவேன். 'குளோரின் மேகலா' என்று எனக்கு ஒரு பட்டப்பெயர் உண்டு. என் காதுபடவே சொல்வார்கள்.

எனக்குக் கண் பவர் மைனஸ் ஆறு. வாயில் துணி கட்டினால் மூச்சுக்காற்று ஏறிக் கண்ணாடி மங்கிவிடும். குளிர் அறைக்குள் போய் வெளியே வந்தால் இரண்டு நிமிஷத்துக்கு ஒன்றும் தெரியாது. ஒருமுறை அப்படி வெளியே வந்தபோது ஐஸ் தட்டில் கால் வைத்து, ஐம்பது பெண்களுக்கு முன்னால் சறுக்கி விழுந்தேன். அந்த மாதமே லென்ஸ் வாங்கிவிட்டேன். கண்ணாடி இல்லாத முகத்தை நானே நாலைந்து நாள் கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தேன். நைனா பார்த்துவிட்டு, முகத்தில் ஏதோ குறைகிறது, கம்மல் போடவில்லையா என்று கேட்டார்.

நைனாவுக்கு டிரெய்லர் லாரிகளின் பேட்டரி பார்க்கிற தொழில். எண்ணூர் போகிற ரோட்டோரம் சின்னதாக ஒரு ஷெட் வைத்திருந்தார். அந்த வருஷங்களில் துறைமுகத்துக்குள் போகக் கன்டெய்னர் வண்டிகள் நாள்கணக்கில் ரோட்டிலேயே வரிசை நிற்கும். நின்றே பேட்டரி இறங்கிவிடும். நைனா ஒரு கேனும் புனலும் எடுத்துக்கொண்டு வரிசை நெடுக நடந்து போய், ஒவ்வொரு வண்டிக்கும் பேட்டரித் தண்ணீர் ஊற்றிவிட்டு வருவார்.

பேட்டரித் தண்ணீர் என்பது தண்ணீரை ஆவியாக்கி, அந்த ஆவியைக் குளிரவைத்துப் பிடித்தது. அதில் உப்பு இருக்காது, சுண்ணாம்பு இருக்காது. எங்கள் தெருவில் பம்புத் தண்ணீர் மஞ்சளாக வரும், போர் தண்ணீர் வாயில் வைக்க முடியாது, லாரித் தண்ணீர் வந்தால்தான் வந்தது. அப்படிப்பட்ட இடத்தில் கண்ணாடி போல நிற்கிற பேட்டரித் தண்ணீருக்கு இருந்த மரியாதை கொஞ்சநஞ்சமல்ல. யாருக்காவது அடிபட்டுப் புண்ணைக் கழுவ வேண்டுமென்றாலும் நைனாவிடம்தான் டம்ளர் எடுத்துக்கொண்டு வருவார்கள்.

லென்ஸோடு கடையில் கொடுத்த சொல்யூஷன் ஒரு மாதத்தில் தீர்ந்தது. அடுத்த பாட்டில் வாங்கும்போது விலையைப் பார்த்து வீட்டில் புலம்பினேன். நைனா காலி பாட்டிலைக் கையில் வாங்கிப் பார்த்தார். அவருக்கு இங்கிலீஷ் படிக்க வராது. இதில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். நான் சின்ன எழுத்துகளைப் படித்து, எனக்குத் தெரிந்த ஒன்றை மட்டும் சொன்னேன். சோடியம் குளோரைடு, அதாவது உப்பு. மற்றவை வாயில் நுழையாத பெயர்களாக இருந்தன, விட்டுவிட்டேன்.

"உப்பும் சுத்தமான தண்ணியும்தானே பாப்பா? ரெண்டும் நம்ம கைலதான கீது" என்றார் நைனா.

இந்தத் தப்பை வேறு ஊரில் வேறு யாரும் செய்திருக்க முடியாது என்று எனக்கு இன்றும் தோன்றும். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் ஷெட்டிலிருந்து ஒரு பாட்டில் பேட்டரித் தண்ணீர் கொண்டு வருவார். உப்பைத் தட்டில் கொட்டி, கறுப்பாக ஏதாவது இருந்தால் பொறுக்கி எடுத்துவிட்டுக் கலப்பார். வெள்ளைத் துணியில் இரண்டு தரம் வடிகட்டி, கம்பெனிக்காரன் பாட்டிலிலேயே ஊற்றி, மூடியைத் துடைத்து சாமி மாடத்துக்குக் கீழே வைப்பார். ஒரு தடவை, கொதிக்க வைக்க வேண்டாமா நைனா என்று கேட்டேன். அவருக்கு அது அவமானமாகப் போய்விட்டது. ஏற்கெனவே ஆவியாகி வந்த தண்ணீருக்கு எதற்கு இன்னொரு கொதி என்று கேட்டார். பட்டம் வாங்கியவள் அதை அப்படியே ஒப்புக்கொண்டேன். ஊரார் கையையெல்லாம் குளோரினில் முக்கிவிட்டு, என் கண்ணுக்குள் போகிற லென்ஸை நான் வெறும் உப்புத் தண்ணீரில் ஊற வைத்தேன்.

ஐந்தாவது மாதம் வலது கண் உறுத்த ஆரம்பித்தது. மறுநாள் சிவந்தது. தெருவே 'மெட்ராஸ் ஐ' என்று முடிவு கட்டிவிட்டது. கம்பெனியில், பார்த்தாலே ஒட்டிக்கொள்ளும் என்று பெண்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு என்னை வீட்டுக்குப் போகச் சொன்னார்கள். குளோரின் தொட்டிப் பகையை அன்றைக்குத் தீர்த்துக்கொண்டார்கள் என்றே சொல்லவேண்டும். தெருமுனை டாக்டர் சொட்டு மருந்து கொடுத்தார். மெட்ராஸ் ஐ என்றால் ஒரு வாரத்தில் போயிருக்க வேண்டும். எனக்குப் பத்தாவது நாள் வலி ஏறியது. கண்ணைப் பார்த்தால் கொஞ்சம் சிவப்பு, அவ்வளவுதான். வலியோ மண்டைக்குள் ஆணி இறக்குகிற மாதிரி இருந்தது. ஜன்னல் வெளிச்சம்கூடப் பொறுக்காமல் பீரோவுக்கும் சுவருக்கும் நடுவே தலையில் போர்வை போட்டு உட்கார்ந்திருப்பேன். அம்மா அங்கேயே வந்து சோறு ஊட்டுவாள்.

பிறகு ஒரு கண் டாக்டரிடம் போனோம். அவர் விளக்கு வைத்துப் பார்த்து, கருவிழியில் புண் இருக்கிறது, அக்கி மாதிரி ஒரு வைரஸாக இருக்கலாம் என்றார். லென்ஸுக்கு என்ன சொல்யூஷன் போடுகிறாய் என்று கேட்டார். பக்கத்தில் நைனா நின்றார். கடையில் வாங்கின பாட்டில்தான் சார் என்றேன். அன்றைக்கு எனக்கு அந்த உப்புத் தண்ணீர் மேல் பெரிய சந்தேகமெல்லாம் இல்லை. திட்டுவாரே என்ற பயம்தான். அந்தப் பதிலை நம்பி அவர் வைரஸ் மருந்து எழுதிக்கொடுத்தார். இன்னும் இரண்டு வாரம் போனது. ஒரு நாள் காலை இடது கண்ணை மூடிப் பார்த்தேன். எதிரில் நின்ற அம்மாவுக்கு முகம் இல்லை. வெள்ளைத் திரைக்குப் பின்னால் ஒரு புடவை மட்டும் அசைந்தது.

நகரத்துக்குள் இருந்த பெரிய அரசு கண்ணாஸ்பத்திரிக்குப் பஸ்ஸில் போனோம். வழியெல்லாம் துப்பட்டாவால் முகத்தை மூடியிருந்தேன். காத்திருக்கிற கூடத்தில் இருநூறு பேராவது இருப்பார்கள். ஒரு கண்ணில் கட்டுப் போட்டவர்கள், பச்சைத் துணி தொங்கவிட்டவர்கள், கண் பார்க்க வந்துவிட்டுச் சீட்டில் எழுதியதைப் படிக்கச் சொல்லி அடுத்தவரைத் தேடுகிறவர்கள். என்னைப் பார்த்த டாக்டரம்மாவுக்கு நாற்பது வயது இருக்கும். அதிகம் பேசமாட்டார். கண்ணை மரத்துப்போகச் செய்யும் சொட்டு விட்டு, கருவிழியை மெல்லிய கத்தியால் சுரண்டினார். வலிக்கவில்லை. ஆனால் கத்தி வருவது தெரியும், ஓடவும் முடியாது. சுரண்டியதைக் கண்ணாடித் துண்டுகளில் தடவி, எந்தக் கிருமி என்று பார்க்க அனுப்பினார். என்னை அன்றே வார்டில் சேர்த்துவிட்டார்.

அதே கேள்வியை அவரும் கேட்டார். இப்போது எனக்குள் சந்தேகம் நன்றாக முளைத்திருந்தது. வாசலில் நைனா சாப்பாட்டுப் பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். கடை சொல்யூஷன்தான் டாக்டர் என்று இந்தத் தடவை தெரிந்தே பொய் சொன்னேன். என் கண் போவது ஒரு பக்கம். நைனாவின் கையால் போனது என்று அவருக்குத் தெரிவதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. டாக்டரம்மா, நாளைக்கு லென்ஸ், டப்பா, பாட்டில் மூன்றையும் கொண்டு வரச்சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

அந்த பாட்டிலைக் கீழே கொட்டிவிட்டுக் கடையில் புதிதாக ஒன்று வாங்கி வா என்று அம்மாவிடம் ரகசியமாகச் சொன்னேன். அம்மா தலையாட்டினாள். ஆனால் அம்மாவுக்கு நைனாவிடம் எதையும் மறைக்கத் தெரியாது. மறுநாள் காலை நைனா தனியாக வந்தார். என்னைப் பரிசோதித்துக்கொண்டிருந்த டாக்டரம்மாவின் மேஜையில் லென்ஸ் டப்பாவையும் பழைய பாட்டிலையும் வைத்தார். பக்கத்தில் ஷெட்டிலிருந்த பேட்டரித் தண்ணீர் கேனையும் தூக்கி வைத்தார்.

"பாட்டிலுதான் கம்பெனிது டாக்டரம்மா. உள்ள கீறது நான் போட்டது. பேட்டரி தண்ணியும் உப்பும். பொண்ணு எனக்காகப் பொய் சொல்லிகினு கீது. நீங்க அத்த வச்சி வைத்தியம் பண்ணாதீங்க" என்றார்.

டாக்டரம்மா கத்துவார் என்று நினைத்துக் கண்ணை மூடிக்கொண்டேன். அவர் நாற்காலியை இழுத்து நைனாவை உட்காரச் சொன்னார். பிறகு உடனே ஃபோனை எடுத்து, நேற்று அனுப்பியதில் அமீபாவுக்கும் பாருங்கள் என்று யாரிடமோ சொன்னார். அந்த வார்த்தையைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. மூன்று வருஷம் பரீட்சைக்குப் பரீட்சை அமீபா படம் போட்டு பாகங்களைக் குறித்தவள் நான்.

அவர் எங்களுக்குப் புரியும்படி சொன்னார். தண்ணீரிலும் மண்ணிலும் இருக்கிற ஒரு வகை அமீபா இது. ஆவியாகி வரும் நேரத்தில் தண்ணீர் சுத்தம்தான். அதன்பிறகு கேன், புனல், துணி, காற்று என்று எத்தனை இடம் தொடுகிறது? பேட்டரிக்கு உப்பு இல்லாத தண்ணீர் போதும், கிருமி இருந்தால் பேட்டரிக்கு ஒன்றும் ஆகாது. கண்ணுக்கு அப்படி இல்லை. லென்ஸைக் கழுவுவது வேறு, அதிலிருக்கும் கிருமியைக் கொல்வது வேறு. உப்புத் தண்ணீர் கழுவும், கொல்லாது. பாட்டிலில் நான் படிக்காமல் விட்ட அந்த வாயில் நுழையாத பெயர்கள்தான் கொல்கிறவை.

பரிசோதனையே விசித்திரமானது. ஒரு தட்டில் சாதாரண பாக்டீரியாவைத் தீனியாகப் பரப்பி, அதன்மேல் என் கண்ணிலிருந்து எடுத்ததை வைப்பார்கள். அமீபா இருந்தால் மேய்ந்துகொண்டே போகும், போன தடம் தெரியும். நாலாம் நாள் தடம் தெரிந்தது. டப்பாவிலிருந்து எடுத்ததிலும் தெரிந்தது. நைனா தானும் பார்க்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். டாக்டரம்மா கூட்டிப்போய் மைக்ராஸ்கோப்பில் காட்டினார். திரும்பி வந்து, இவ்வளவு சின்னதாக இருக்கிறதே என்று மட்டும் நைனா ஒருமுறை சொன்னார்.

மருந்து கடையில் கிடைக்காது. நீச்சல்குளத்தைச் சுத்தம் செய்கிற வகை மருந்து ஒன்றை மிக மிக நீர்க்கச் செய்து ஆஸ்பத்திரியிலேயே சொட்டு மருந்தாகத் தயாரித்துக் கொடுத்தார்கள். பகலும் ராத்திரியும் மணிக்கு ஒரு தடவை விடவேண்டும். பெண்கள் வார்டு என்பதால் உள்ளே அம்மாதான் இருக்கலாம். பகலில் அம்மாவைத் தூங்கச் சொல்லிவிட்டு நான் வராந்தாவுக்கு வந்துவிடுவேன். அங்கே பெஞ்சில் நைனா இருப்பார். ஷெட்டைப் பூட்டிவிட்டு வந்திருந்தார். பேட்டரி செல்லில் கோடு வரை அளவாக ஊற்றிப் பழகிய கை அது. நர்ஸ் விட்டால் பாதி மருந்து கன்னத்தில் வழியும். நைனா விட்டால் ஒரே சொட்டு, சரியாக உள்ளே விழும். நர்ஸே ஆண்கள் வார்டில் இரண்டு மூன்று நோயாளிகளுக்கு அவரைக் கூப்பிட்டுப் போனார்.

ஆஸ்பத்திரியில் இருந்த அந்தப் பதினெட்டு நாட்களைத்தான் நான் ஏக்கத்தோடு நினைக்கிறேன். அதற்கு முன் நானும் நைனாவும் ஒரே இடத்தில் இரண்டு மணி நேரம் சேர்ந்து உட்கார்ந்ததில்லை. ஒரு சொட்டுக்கும் அடுத்த சொட்டுக்கும் நடுவே ஒரு மணி நேரம் இருக்கும், வேறு வேலை கிடையாது. சின்ன வயதில் கொருக்குப்பேட்டை கூட்ஸ் யார்டில் மூட்டை தூக்கியது, முதல் பேட்டரியைத் திறந்தபோது ஆசிட் பட்டுச் சட்டை ஓட்டையானது, அம்மாவைப் பெண் பார்க்கப் போனபோது அந்தச் சட்டையையே போட்டுக்கொண்டு போனது எல்லாவற்றையும் சொன்னார். லாரி டிரைவர்கள் அங்கேயும் தேடி வந்தார்கள். வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை என்று ஒருவர் வந்து, வராந்தாவிலேயே வைத்தியம் கேட்டுக்கொண்டு போனார். போகும்போது எனக்கு நாலு இளநீர் வைத்துவிட்டுப் போனார். காலையில் ஆஸ்பத்திரி பன்னும் பாலும், மதியம் வீட்டு நெத்திலிக் குழம்பும். வலி குறையக் குறைய எனக்கு அந்தப் பெஞ்சு பிடித்துப்போனது. நைனா போய்ப் பல வருஷம் ஆகிறது. அவர் குரலை நினைத்தால் எனக்குக் கேட்பது அந்த வராந்தாக் குரல்தான்.

தண்ணீரைப் பற்றி மட்டும் அவர் பேசவே இல்லை. நானும் பேசவில்லை.

வீட்டுக்கு வந்தபிறகும் சொட்டு நிற்கவில்லை. இரண்டு மணிக்கு ஒன்று, பிறகு நாலு மணிக்கு ஒன்று என்று மாதக்கணக்கில் ஓடியது. பதினைந்து நாளுக்கொரு முறை ஆஸ்பத்திரிக்குப் போவோம். சுவரில் எழுத்துப் பலகை, ஒவ்வொரு முறையும் அதே பலகை. நைனா ஷெட்டைச் சரியாகத் திறக்கவில்லை. சொட்டு நேரத்துக்கு வீட்டுக்கு வந்துவிடுவார். வரிசை நெடுக நடக்கிறவர் இப்போது கேனைத் தொடவே யோசிக்கிறார் என்று டிரைவர்கள் அம்மாவிடம் சொன்னார்கள். எனக்குத் தாங்கவில்லை. ஐந்தாவது மாதம் போனபோது டாக்டரம்மா இடது கண்ணை மறைத்து, பலகையில் எழுத்து எழுத்தாகக் குச்சி வைத்துப் படிக்கச் சொன்னார். நான் மேலிருந்து ஆறு வரியும் கடகடவென்று படித்தேன். அவர் ஆச்சரியப்பட்டு, மருந்தை நிறுத்திப் பார்க்கலாம் என்று எழுதினார். நைனா சந்தோஷப்படுவார் என்று திரும்பினேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பஸ் ஸ்டாண்டில் நின்றபோது தன் உள்ளங்கையால் என் இடது கண்ணை மூடினார். கை முழுக்க டெட்டால் வாசனை. வருகிற பஸ் என்ன நம்பர் என்று கேட்டார். பஸ் வருவது தெரிந்தது, சிவப்பாக. நம்பர் தெரியவில்லை.

"குச்சிய வெக்கறதுக்கு முன்னாடியே எழுத்த சொல்லிட்ட பாப்பா. எனக்கு இங்கிலீசு தெரியாது, குச்சி தெரியும்" என்றார். கையை எடுக்கவில்லை. "மொத பொய்ல நாள் போச்சு. இந்தப் பொய்ல கண்ணே பூடும். நான் பண்ண தப்பு என்னோட இருக்கட்டும். அத்த நீ தூக்காத."

அப்போதுதான் நான் அழுதேன். வலியில்கூட அப்படி அழுததில்லை. பலகையை மனப்பாடம் செய்து ஒப்பித்ததுவரை, இத்தனை மாதமும் அவரைக் காப்பாற்றிக்கொண்டிருப்பதாக நினைத்தேன். அவர் தன் தப்பைத் தானே சுமந்து நிற்கத் தெரிந்த மனிதர். அதற்குக்கூட நான் இடம் கொடுக்கவில்லை. எங்கள் பஸ் வந்து நின்று போனது. நாங்கள் திரும்ப ஆஸ்பத்திரிக்கு நடந்தோம்.

டாக்டரம்மா சாப்பிடக் கிளம்பிக்கொண்டிருந்தார். அவரை நிறுத்தி, பலகையைக் கீழிருந்து மேலே கேளுங்கள், நடுவில் மாற்றி மாற்றிக் குச்சி வையுங்கள் என்று நைனா கேட்டுக்கொண்டார். டாக்டரம்மாவுக்குப் புரிந்துவிட்டது. எழுதிய சீட்டைக் கிழித்துவிட்டு விளக்கைப் போட்டார்.

மாடி வீட்டுப் பெண்ணுக்கு நான் சொன்ன பதிலையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பாட்டிலில் கிருமியைக் கொல்லும் என்று போட்டிருக்கிறதா பார். வெறும் சலைன், அதாவது உப்புத் தண்ணீர் என்றால் அது அலசுவதற்கு மட்டும். லென்ஸை விரலால் தேய்த்துக் கழுவு. நேற்று ஊற்றியதன் மேலேயே இன்று ஊற்றாதே, கொட்டிவிட்டுப் புதிதாக ஊற்று. பெராக்சைடு வகை என்றால் அதற்கென்று வரும் டப்பாவில் அவர்கள் சொல்கிற நேரம் வரை ஊறவேண்டும், அவசரப்பட்டுக் கண்ணில் வைத்தால் எரிந்துவிடும். குழாய்த் தண்ணீர், கேன் தண்ணீர், கொதித்த தண்ணீர் எதுவும் வேண்டாம். கட்டுப்படியாகவில்லை என்றால் கண்ணாடி போட்டுக்கொள், உன் முகத்துக்கு நன்றாகத்தான் இருக்கும். சிவந்து வலித்தால் லென்ஸைக் கழற்றிவிட்டு அன்றே டாக்டரிடம் போ. முக்கியமாக, அவர் கேட்டால் உள்ளதைச் சொல்.

அன்று டாக்டரம்மா கடைசி வரியில் குச்சி வைத்தார். தெரியவில்லை என்றேன். அதற்கு மேல் வரி. தெரியவில்லை. அதற்கும் மேல். தெரியவில்லை. ஒவ்வொன்றுக்கும் நைனா மெல்லத் தலையாட்டிக்கொண்டார். இரண்டாவது வரிக்கு வந்தபோது, பனியில் நிற்கிற மாதிரி ஒரு எழுத்து அசையாமல் நின்றது. வரியில் அது எத்தனாவது எழுத்து, அதன் பெயர் என்ன என்று மனப்பாடத்திலிருந்து தேடவில்லை. கண்ணால் பார்த்தேன், சொன்னேன்.

இங்கிலீஷ் தெரியாத நைனா, நான் சொன்னது சரிதானா என்று டாக்டரம்மாவின் முகத்தைப் பார்த்தார்.